இன்னொரு இரும்பு வேண்டாம்



சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. வெள்ளவத்தையில் நாங்கள் நடத்தும் பகல்நேரச் சந்திப்புக்குக் கொட்டாஞ்சேனையில் இருந்து வரும் அக்கா ஒருவர், கூட்டம் முடிந்த பின்னும் கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தார். வழமையாக அவர்தான் முதலில் புறப்படுபவர். புடைவைக் கடையில் வேலை செய்யும் மகள் வீடு திரும்புவதற்குள் சமைக்க வேண்டும் என்பார். அன்று கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த வழவழப்பான துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"தங்கச்சி, உமக்கு இங்கிலிஷ் தெரியுமெல்லே. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும். இது கரைஞ்சு போயிடுமாம். உண்மையோ?"

அவருக்கு 48 வயது. 2009 இல் முள்ளிவாய்க்காலில் விழுந்த செல்லின் துண்டு ஒன்று இன்னும் இடது தோளுக்குள் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு பழுதாகலாம் என்று அப்போதே விட்டுவிட்டார்கள். மூன்று மாதங்களுக்கு முன் ஒரு காலை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது வலது கை விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறியது. அரை மணித்தியாலத்தில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. ஸ்கான் எடுத்தபோது மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று உள்ளே ஒடுங்கியிருப்பது தெரிந்தது. பெரிய பாரிசவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை என்று வைத்தியர்கள் இதைச் சொல்வார்கள்.

இந்தச் செய்தி உறவினர் வழியாக ஒரு ஏஜென்றின் காதுக்கு எட்டியது. வைத்தியத்துக்கு இந்தியாவுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது அவரது தொழில். மூளைக்குழாயில் "கரையும் ஸ்டென்ட்" வைக்கலாம், எல்லாமாகப் பதினெட்டு இலட்சம் ரூபா முடியும் என்று சொல்லியிருக்கிறார். கனடாவில் இருக்கும் தம்பி பாதி தருவதாகச் சொன்னார். மீதிக்கு, மகளுக்கென்று சேர்த்த ஆறு பவுண் நகை இருந்தது.

"எனக்குள்ள ஏற்கனவே ஒரு இரும்பு கிடக்கு. 2009 இல இருந்து அதோடதான் படுத்தெழும்புறன். மூளைக்க இன்னொரு இரும்பு வைக்க எனக்கு மனமில்லை. கரையிறதெண்டா வைக்கலாம்."

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது சமூகவியல். ஒரு கிழமை தவணை கேட்டுக்கொண்டு, கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் இரசாயனவியல் ஆசிரியையிடம் இரண்டு இரவுகள் பாடம் கேட்டேன். பிறகு அக்காவுடன் நரம்பியல் வைத்தியர் ஒருவரிடமும் போனேன். எங்களில் பலர் வீட்டிலும் இதே கேள்வி வரக்கூடும் என்பதால், அறிந்துகொண்டதை இந்த மாதப் பத்தியில் எழுதுகிறேன்.

ஸ்டென்ட் என்பது வலைபோல் பின்னிய ஒரு சின்னக் குழாய். ஒடுங்கிய இரத்தக்குழாய்க்குள் கொண்டுபோய் விரித்தால், சுவரைத் தாங்கிப் பிடித்து வழியைத் திறந்து வைத்திருக்கும். 1986 இல் பிரான்சில் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயக் குழாயில் உலோக ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஆனால் இரத்தக்குழாய்க்கு அந்தத் தாங்கல் சில மாதங்களுக்குத்தான் தேவை. அதற்குள் சுவர் ஆறிவிடும். உலோகமோ ஆயுள் முழுவதும் அங்கேயே கிடக்கும். குழாய் இயல்பாகச் சுருங்கி விரிய அது விடாது. காலம் போக அதற்குள் மறுபடி அடைப்பும் வரலாம். ஆகவே "வேலை முடிந்ததும் போய்விடுகிற ஸ்டென்ட் ஒன்று இருந்தால் என்ன?" என்ற கேள்வி விஞ்ஞானிகளுக்கும் வந்தது. அக்காவின் விருப்பமும் அவர்களது விருப்பமும் ஒன்றுதான் என்று அறிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

கரைவது எப்படி? பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தையல் போடப்பட்ட சகோதரிகளுக்கு இது புதினமில்லை. "தையல் வெட்டத் தேவையில்லை, தானாகக் கரையும்" என்று தாதி சொல்லியிருப்பார். அந்த நூலும் இந்த ஸ்டென்டும் ஒரே குடும்பம். தயிரைப் புளிக்கவைக்கும் இலக்ரிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்தால் ஒரு பிளாஸ்ரிக் கிடைக்கிறது. உயர்தர வகுப்பில் இதைப் பல்பகுதியம் என்று படிப்பிக்கிறார்கள். வெளியில் பொலிமர் என்றால்தான் விளங்கும். உடம்பிலுள்ள நீர் இந்தச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுக்கிறது. அறுந்த துண்டுகள் திரும்பவும் இலக்ரிக் அமிலமாகி, கடைசியில் நீராகவும் நாங்கள் மூச்சில் விடும் காபனீரொட்சைட்டாகவும் போய்விடுகின்றன. நூல் சில மாதங்களில் கரையும். ஸ்டென்டுக்கான பொலிமர் கரைய இரண்டு மூன்று வருடங்கள் செல்லும்.

1998 இல் ஜப்பானில் இப்படியான முழுப் பொலிமர் ஸ்டென்ட் முதன்முதலாக மனிதரின் இருதயக் குழாயில் வைக்கப்பட்டது. செய்தவர்களின் பெயரால் அதை இகாக்கி–தமாய் ஸ்டென்ட் என்பார்கள். (தமாய் என்ற பெயரைக் கேட்டதும் "எங்கட ஆளோ?" என்றார் அக்கா. இல்லை, அவர் ஜப்பானிய வைத்தியர்.) சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுப்பு வெங்கட்ராமன், ஃப்ரெடி போய் ஆகிய பேராசிரியர்களும் கரையும் ஸ்டென்டில் பல வருடங்கள் ஆய்வு செய்தார்கள். பிறகு அமெரிக்கக் கம்பனியான அபொட், "அப்சோர்ப்" என்ற பெயரில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2011 இல் ஐரோப்பாவிலும், 2016 யூலையில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. பத்திரிகைகள் புகழ்ந்து எழுதின.

2017 செப்ரெம்பரில் கம்பனியே அதன் விற்பனையை நிறுத்தியது. உலோக ஸ்டென்ட் வைத்தவர்களை விட, இது வைத்தவர்களின் குழாய்க்குள் இரத்தம் கட்டிபட்டது அதிகம் என்று ஆய்வுகள் காட்டின. பொலிமர் உலோகத்தைப் போலப் பலமானதல்ல. அந்தப் பலவீனத்தை ஈடுசெய்யக் கம்பிகளைத் தடிப்பாகச் செய்ய வேண்டியிருந்தது. நவீன உலோக ஸ்டென்டின் கம்பியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிப்பு. வாய்க்காலில் மெல்லிய தடி கிடந்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும், மொத்தக் கட்டை கிடந்தால் சுழித்துத் தேங்கும் அல்லவா? இரத்தம் தேங்கினால் உறையும். கரையும் காலத்தில் சிலருக்குக் கம்பிகள் உடைந்து உள்ளே சரிந்ததும் உண்டு.

கதை அதோடு முடியவில்லை. கம்பியை மெல்லிதாக்கி, அதே கம்பனி முழங்காலுக்குக் கீழே உள்ள இரத்தக்குழாய்களுக்கு ஒன்றைச் செய்தது. 2023 இல் வெளிவந்த ஆய்வில், பலூனால் மட்டும் விரித்தவர்களில் 44 வீதமானோருக்கே ஒரு வருடத்தின் பின் நல்ல பலன் இருந்தது. கரையும் ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 74 வீதம். 2024 ஏப்ரலில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. நீரிழிவால் காலை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விடயம். எங்கள் சந்திப்புக்கு வருபவர்களில் மட்டும் நீரிழிவால் விரல் இழந்த மூவர் இருக்கிறார்கள்.

சரி, இருதயத்தில் தோற்றது, காலில் வென்றது. மூளையில்?

மூளையின் குழாய்கள் வேறு விதமானவை. இருதயக் குழாயை விடச் சுவர் மெல்லியது. சுற்றிப் பிடிக்கத் தசை கிடையாது, மூளையைச் சூழ்ந்த நீருக்குள் கிடக்கின்றன. அங்கே போகும் வழியோ மண்டையோட்டு எலும்புக்குள்ளால் பாம்புபோல் வளைந்து செல்வது. விறைப்பான பொலிமர் குழாயை அந்த வளைவுகளால் நுழைப்பது கடினம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்தக் குழாய்களில் இருந்து தலைமயிர் போன்ற நுண்ணிய கிளைகள் பிரிந்து மூளையின் ஆழத்துக்குப் போகின்றன. கையை அசைப்பதற்கும் பேசுவதற்கும் வேண்டிய பாதைகளுக்கு இரத்தம் கொடுப்பவை இவையே. தடித்த கம்பி ஒன்று அதன் வாயை மூடினால் போதும், எதைத் தடுக்கப் போனோமோ அதுவே நடந்துவிடும். ஆகவே மூளைக்குழாய்க்கான கரையும் பொலிமர் ஸ்டென்ட் இன்றுவரை பெரும்பாலும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது. பணம் கட்டி வழமையான சிகிச்சையாகப் பெறக்கூடிய ஒன்றாக அது இன்னும் வரவில்லை.

உலோக ஸ்டென்டின் கதையும் எனக்குப் புதிது. அமெரிக்காவில் 451 நோயாளரை இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லாருமே எங்கள் அக்காவைப் போல, மூளைக்குழாய் கடுமையாக ஒடுங்கி அண்மையில் எச்சரிக்கை கண்டவர்கள். ஒரு பகுதியினருக்குக் குளிசைகளும் கடுமையான பிரஷர், கொழுப்புக் கட்டுப்பாடும். மற்றவர்களுக்கு அதே குளிசைகளுடன் ஸ்டென்டும். முப்பது நாட்களுக்குள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 வீதமானோருக்குப் பாரிசவாதமோ மரணமோ ஏற்பட்டது. குளிசை மட்டும் எடுத்தவர்களில் 5.8 வீதம். 2011 இல் புதிதாக ஆட்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிறகு சீனாவில் அனுபவமிக்க கைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2022 இல் வெளிவந்தது. அதிலும் ஸ்டென்டால் மேலதிக நன்மை காணப்படவில்லை.

அதற்காக மூளைக்குழாயை யாரும் தொடுவதில்லை என்றில்லை. 2024 இல் சீனாவில் இருந்து வந்த இன்னொரு ஆய்வில், சின்ன பலூனால் மெதுவாக விரித்துவிட்டு எதையும் உள்ளே விடாமல் வெளியே வந்தார்கள். குளிசையோடு அதையும் செய்தவர்களில் 4.4 வீதமானோருக்கும், குளிசை மட்டும் எடுத்தவர்களில் 13.5 வீதமானோருக்கும் பாதிப்பு ஏற்பட்டது. விரிக்கும்போது குழாயின் உட்சுவர் கிழிவது போன்ற சிக்கல்கள் அதில் குறைவல்ல. திடீரென அடைபட்ட குழாயில் இருந்து இரத்தக்கட்டியை இழுத்தெடுக்கும் கருவியும் ஒரு ஸ்டென்ட் போன்றதுதான். கட்டிக்குள் விரித்து, கட்டியைக் கவ்வி, முழுவதுமாக வெளியே இழுத்துவிடுவார்கள். 2015 இல் வெளிவந்த ஆய்வுகளுக்குப் பிறகு உலகெங்கும் அது நிலைபெற்றது. கரையாவிட்டாலும், அதுவும் உள்ளே தங்குவதில்லை.

இந்தியாவில் யார் இதில் வேலை செய்கிறார்கள் என்றும் தேடினேன். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத நோயாளருக்காக, வைத்தியர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் அங்கே உருவாக்கிய இருதய வால்வு 1990 டிசெம்பரில் முதல் நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் மூன்று வடிவமைப்புகள் தோற்றன. நான்காவதில் திறந்து மூடும் தட்டை ஒரு வகைப் பொலிமரால் செய்தார்கள். அதே நிறுவனம் 2020 இல் மூளைக்குழாய்க்கான ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. அது ஒடுக்கத்துக்கு உரியதல்ல. பலூன்போல் வீங்கிய மூளைக்குழாயில் வீக்கத்துக்குள் இரத்தம் போகாமல் திசைதிருப்புவதற்கானது. இறக்குமதி செய்தால் இந்தியப் பணத்தில் ஏழு எட்டு இலட்சமாகும் கருவியை மலிவாக்குவது நோக்கம். பெங்களூரின் தேசிய விமானவியல் ஆய்வுகூடம் செய்த நிக்கல்–டைற்றேனியம் கலப்பு உலோகத்தால் ஆனது அது. அதாவது அதுவும் கரையாது.

அப்படியானால் அக்காவின் கையில் இருந்த துண்டுப்பிரசுரம் என்ன சொன்னது? அது பொய் சொல்லவில்லை. "மக்கிப்போகும் பொலிமர் ஸ்டென்ட்" என்ற ஆங்கிலச் சொற்கள்தான் அதில் இருந்தன. சின்ன எழுத்துகளைப் படித்தபோதுதான் விளங்கியது: ஸ்டென்ட் கோபால்ற்–குரோமியம் உலோகம். அதன் மேல் மருந்தைப் பிடித்துவைக்கப் பூசிய மெல்லிய பூச்சுத்தான் கரையும் பொலிமர். பூச்சுப் போனதும் உலோகம் அப்படியே இருக்கும். இத்தகைய ஸ்டென்டுகள் நல்லவை, பல நாடுகளில் பாவனையில் உள்ளவை. ஆனால் அது இருதயத்துக்கானது! மூளை என்ற சொல் அந்தத் தாளில் எங்குமே இல்லை. அதைச் சேர்த்துச் சொன்னது ஏஜென்றின் வாய்தான். விலையையும் பாருங்கள். 2017 பெப்ரவரியில் இந்திய அரசு இருதய ஸ்டென்டுகளுக்கு உச்ச விலை விதித்தபோது, மருந்து பூசியவற்றுக்கும் கரையும் வகைக்கும் ஒரே விலையாக 29,600 இந்திய ரூபாவை வைத்தது. வைத்தியசாலைச் செலவு தனி என்பது உண்மையே. ஆனாலும் "கரையும்" என்ற ஒரு சொல்லுக்காக எத்தனை இலட்சம் கேட்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

யாராவது உங்களிடம் இப்படி ஒரு தாளை நீட்டினால், கரைவது முழு ஸ்டென்டா பூச்சு மட்டுமா, எந்த உறுப்பின் குழாய்க்கு எந்த நாடு அனுமதி கொடுத்தது என்று எழுத்தில் கேளுங்கள். முற்பணம் அதற்குப் பிறகு.

வைத்தியரைப் பார்க்கப் போன அன்றுதான் உண்மையான விடயம் வெளிவந்தது. வைத்தியர் சிங்களப் பெண்மணி, பொறுமையானவர். நான் மொழிபெயர்த்தேன். ஸ்டென்ட் பற்றி நான் கேட்டதற்கு, குளிசைகளை ஒழுங்காக எடுத்தும் திரும்பத் திரும்ப அறிகுறி வந்தால்தான் அந்தப் பேச்சு என்றார். பிறகு "என்னென்ன குளிசை எடுக்கிறா?" என்று கேட்டார். அக்கா பையில் இருந்து உறைகளை எடுத்து வைத்தார். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த இரண்டு குளிசையும் ஒன்றுதான் என்று நினைத்து ஒன்றை நிறுத்தியிருக்கிறார். பிரஷர் குளிசை முடிந்து ஒரு மாதமாம். தலைச்சுற்று இல்லாததால் திரும்ப எடுக்கவில்லை. உறைகளில் எழுதியிருந்தது சிங்களத்தில். யாரும் விளங்கப்படுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று பிரஷர் 178க்கு 102.

அந்த அறையில் எனக்கு ஏற்பட்ட வெட்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிழமையாக ஜப்பானையும் சீனாவையும் வாசித்தேன். புதன்கிழமைதோறும் சந்திக்கும் ஒருவரிடம் "குளிசையைக் காட்டுங்கோ அக்கா" என்று ஒரு தரமும் கேட்கவில்லை. ஸ்டென்ட் வைத்திருந்தால் இந்த இரண்டு குளிசைகளும் இன்னும் முக்கியமாகியிருக்கும். இடையில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் உறையும். கரையும் வகைக்கு அந்த ஆபத்து நெடுநாள் நீடிக்கிறது. அக்கா சென்னைக்குப் போய், ஸ்டென்ட் வைத்து, திரும்பி வந்து ஒரு குளிசையை நிறுத்தியிருந்தால்?

செல் துண்டு பற்றியும் கேட்டோம். இது உங்களில் பலருக்கும் தேவைப்படும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பலத்த காந்தத்தால் வேலை செய்வது. உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்குக் கிட்ட இருந்தால் ஆபத்து அதிகம். அதற்காக எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்றில்லை. முன்கூட்டியே சொன்னால், எக்ஸ்ரே எடுத்துத் துண்டு இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். சி.ரி. ஸ்கானுக்குக் காந்தம் இல்லை, அதை எடுக்கலாம். எங்கே, எப்போது காயம் என்று சொல்லப் பயந்து மறைக்கும் சகோதரிகளை நான் அறிவேன். "உடம்பில் உலோகம் இருக்கிறது" என்று மட்டும் சொன்னாலும் போதும். எப்படி வந்தது என்ற கதை ஸ்கான் அறைக்குத் தேவையில்லை.

இன்னொன்று. வாய் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி தொடக்கத்தில் இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டியது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். 2016 இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம்.

அக்காவின் விடயத்துக்கு வருகிறேன். நகையில் இரண்டு பவுணை மகள் ஏற்கனவே செட்டியார்தெருவில் அடகு வைத்து முற்பணம் கொடுத்திருந்தார். ஏஜென்ற் அதைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறார், இன்னும் தரவில்லை. பற்றுச்சீட்டு இல்லாததால் நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மீதி நாலு பவுண் வீட்டில் இருக்கிறது. குளிசை உறைகளில் மகள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்: காலை, இரவு, நிறுத்தக்கூடாது. சென்ற புதன்கிழமை பார்த்தபோது பிரஷர் 138க்கு 84.

"கரையிறது எங்கட பிள்ளையளின்ர காலத்திலயாவது வருமோ, தங்கச்சி?" என்று கேட்டார். வரலாம் என்றேன். காலுக்கு வந்ததைச் சொன்னேன். துண்டுப்பிரசுரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்குக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். இப்போது அதை மருந்துப் பெட்டியின் அடியில் விரித்திருக்கிறாராம். தடித்த கடுதாசி, ஈரம் பிடிக்காது என்றார்.